உவரியிலிருந்து வந்த ஒற்றை மேற்கோள்

ஜூன் 14

காலையிலேயே பாளையங்கோட்டைக் கருப்பட்டிக் கடை அண்ணாச்சி போன். "எடே, உவரிக்காரர் ஒருத்தர் மூணு நாளா ஆர்டர் போடுதாரு, விழவே மாட்டேங்கு. பக்கம் வெள்ளையா நிக்குதாம்."

மற்ற எல்லாருக்கும் ஆர்டர் விழுகிறது. கடை வெப்சைட்டின் லாகை, அதாவது பிழைப் பதிவைத் திறந்தேன், சிண்டாக்ஸ் எரர்: கட்டளையின் இலக்கணம் தப்பு. அவர் பெயர் டி'குரூஸ். நம் கடற்கரை ஊர்களில் சாதாரணமாகக் கேட்கிற பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ பிஎச்பி மொழியில் எழுதிய புரோகிராம், பெயருக்கு இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி (') ஒட்டி இன்செர்ட் வரியை, அதாவது ஆர்டரைப் பதிகிற கட்டளையைக் கட்டுகிறது. 'டி'க்கு அடுத்த குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல். மிச்சம் கிடக்கிற 'குரூஸ்' என்ன கட்டளை என்று தெரியாமல் முழிக்கிறது.

தேடல் பெட்டியிலும் இதே ஒட்டுவேலைதான். விவரம் தெரிந்த களவாணி எவனாவது வந்திருந்தால் வாடிக்கையாளர் பட்டியலையே உருவியிருப்பான். முதலில் வந்தவர் கருப்பட்டி வாங்க வந்த மனுஷன், தப்பித்தோம்.

ஜூன் 15

எல்லாவற்றையும் பிடிஓவுக்கு, அதாவது தரவுத்தளத்தோடு பேச பிஎச்பி தருகிற புது வழிக்கு மாற்றினேன். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 7-லேயே, அதாவது 2015-லேயே, தூக்கிவிட்டார்கள். இந்த சர்வர் இன்னும் பிஎச்பி 5.6-ல் கிடப்பதால்தான் வண்டி ஓடியிருக்கிறது. இப்போது வரியில் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி, பெயர் தனியாகப் போகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பிடிஓ மைஎஸ்க்யூஎல்லுக்கு நிஜமாகத் தனியாக அனுப்பாது, தானே பெயரை வரியில் சேர்த்துப் பாவனைதான் செய்யும். அந்த எமுலேட் அமைப்பை அணைத்தேன். எழுத்துகளைச் சேமிக்கிற முறையான கேரக்டர் செட்டை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினேன்.

ஜூன் 17

டி'குரூஸ் ஆர்டர் விழுந்தது. 2 கிலோ. அண்ணாச்சி உடனே, "அப்போ இந்த சேரன்மகாதே என்னன்னு பாரு" என்றார். பார்சல் சீட்டில் அப்படித்தான் அச்சாகிறதாம். கல்லிடைக்குறிச்சி 'கல்லிடைக்க' என்று நிற்கிறது.

ஊர்ப் பெயர் பதிகிற பத்தியின் (column) நீளம் வார்சார் 10, அதாவது அதிகபட்சம் 10 குறிகள். சேரன்மகாதேவி நம் கண்ணுக்கு 7 எழுத்து. மைஎஸ்க்யூஎல் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 12 என்கிறது. பிஎச்பியில் நீளம் சொல்கிற ஸ்ட்ரலென்னைக் கேட்டால் பைட் கணக்கில் 36. மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து நீளம் மிஞ்சினால் எரர் கொடுத்துத் திருப்பிவிடும். இங்கே இருப்பது 5.6, சத்தமில்லாமல் வாலை வெட்டியிருக்கிறது. எழுதியவர் 'நெல்லை' என்று மட்டும் போட்டுச் சோதித்திருப்பார்.

100 ஆக்கினேன். பழைய வரிசைகளுக்கு ஊர் ஊராக அப்டேட். எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்கிற 'வேர்' (where) பகுதியை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.