கஸ்தூர்பா நினைவு நாள்

பிப்ரவரி 22, கஸ்தூர்பா மறைந்த நாள். காந்தியின் மனைவி என்று ஒரே வரியில் கஸ்தூர்பாவைக் கடந்துவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

1913-இல் தென்னாப்பிரிக்காவில், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துப் போராடி மூன்று மாதம் கடுங்காவல் அனுபவித்தார் இந்த அம்மா. எவ்வளவு ரோஷம்!

நான்கு மகன்கள். மூத்தவர் ஹரிலால் தடம் மாறிப்போன வேதனையைக் கடைசி வரை சுமந்தார். அந்த மகனின் மனைவி இறந்தபின் தாயில்லாத பேரக்குழந்தைகளையும் அரவணைத்தார். கடைசி மருமகள் லட்சுமி, நம் ராஜாஜியின் மகள்.

1944-இல் புனே ஆகா கான் மாளிகைக் காவலில், கணவரின் மடியிலேயே உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவையை உடுத்தித்தான் தகனம் செய்தார்கள். சமாதியும் அங்கேயே இருக்கிறது. புனே போகிறவர்கள் அவசியம் போய் வாருங்கள்.