எண்டோஸ்கோப்பி அறையில் நான் முதலில் பழகியது கழுவும் வேலை

வார்டிலிருந்து என்னை எண்டோஸ்கோப்பி அறைக்கு, அதாவது கேமரா வைத்த குழாயை வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ விட்டு உள்ளே பார்க்கும் அறைக்கு மாற்றினபோது, டாக்டர் பக்கத்தில் நின்று ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியைப் பிடிப்பதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். இன்சார்ஜ் அக்கா என்னை நேராகக் கழுவும் அறைக்குக் கூட்டிப்போய் ஏப்ரனையும் கண்ணாடியையும் கையில் கொடுத்தார். "இதை நல்லாப் பழகிக்கோ, அப்புறம் உள்ளே வரலாம்" என்றார். ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கைகள் என்ன படிக்க வேண்டும் என்று கேட்கும்போது, நானும் கழுவுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

வயிற்றுக்குள் போகும் அந்தக் கேமராக் குழாயை, அதாவது ஸ்கோப்பை, நீராவிச் சூட்டில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட முடியாது. அந்தச் சூட்டில் கெட்டுவிடும். அதற்குள் ஓடும் குழாயோ மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ரத்தமும் சளியும் காய்ந்து ஒட்டிவிட்டால், பிறகு எந்த மருந்தில் ஊறப்போட்டாலும் கிருமி முழுதாகப் போகாது. அதனால் ஸ்கோப் வாயைவிட்டு வெளியே வந்ததுமே கட்டில் பக்கத்திலேயே துடைத்து, அழுக்கைக் கரைக்கும் என்சைம் கரைசலை உறிஞ்சவிட வேண்டும். அடுத்தது லீக் டெஸ்ட்: காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பிறகு ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பிரஷ் விட்டு, பிரஷ் சுத்தமாக வெளியே வரும்வரை தேய்க்க வேண்டும். அலசிய பிறகுதான் கிருமி கொல்லும் மருந்தான குளூட்டரால்டிஹைடில் ஊறப்போடுவது. இரண்டு சதவீதக் கரைசல் என்றால் 20 நிமிடம். கூட்டம் அதிகம் என்று அதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க விடமாட்டேன். கரைசலின் வீரியத்தைத் தினமும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறோம். தேதி மீதமிருந்தாலும் ஸ்ட்ரிப் தேறாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

இங்கே தண்ணீர் ஒரு தனிப் பாடு. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டம். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் லென்ஸில் வெள்ளையாகப் படியும். அதனால் கடைசி அலசலுக்கு வடிகட்டிய தண்ணீரை எப்போதும் தனியாக எடுத்து வைக்கிறோம். மருந்து மிச்சமில்லாமல் அலச வேண்டும், ஏனென்றால் ஒட்டியிருக்கும் குளூட்டரால்டிஹைடு குடலையே புண்ணாக்கும். பிறகு ஆல்கஹால் விட்டு, காற்றடித்து, வால்வுகளைக் கழற்றிவிட்டு நேராகத் தொங்கவிடுவோம். ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தால் ராத்திரிக்குள் கிருமி பெருகும்.

அடுத்து பழகியது ஆளைத் தயார் செய்வது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்குக் கூட்டம் அதிகம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மாசக்கணக்கில் தள்ளிப்போட்ட வயிற்றுவலியோடு பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வருவார்கள். குடல் ஸ்கோப்பி என்றால் பேதி மருந்துதான் பாதி வேலை. பாதியை முந்தின நாள் சாயங்காலமும், மீதியை அன்று காலையிலும் குடித்து, பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசியில் போவது வெளிர்மஞ்சளாக, தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுவேன். இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ குடிக்கலாம். சிவப்புச் சாயம் போட்ட சர்பத் கூடாது, உள்ளே பார்த்தால் ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். "ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கா?" ஸ்கோப்பி என்றதும் அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்காரர் பட்டினியோடு ஊசியும் போட்டுவிட்டு வந்திருப்பார், உடனே சுகர் பார்க்க வேண்டும். பல்செட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் எல்லார் கண்ணும் திரைக்குப் போய்விடும். என் கண் ஆள் மேல்தான் இருக்க வேண்டும். மிடாசோலம் என்னும் மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சு குறைந்தாலும், மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி அதைத் தாமதமாகத்தான் காட்டும். அதற்குள் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். மயக்கத்தை முறிக்கும் மருந்தான ஃபுளுமசெனில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஆரம்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்கிறேன். அது மிடாசோலத்துக்கு முன்னாடியே வீரியம் இழந்துவிடும். முழித்துவிட்டார் என்று நகர்ந்துவிடக் கூடாது, மறுபடி மயங்கலாம்.

எங்கள் கரையில் அடிக்கடி வருவது மீன்முள். முள் சிக்கினால் வீட்டில் சோற்றுருண்டையும் வாழைப்பழமும் விழுங்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முள் இன்னும் ஆழமாகக் குத்தி, உணவுக்குழாயைத் துளைக்கவும் கூடும். கூர்மையான பொருள் உணவுக்குழாயில் நின்றால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வீட்டில் வைத்தியம் பார்க்க நேரமில்லை. எடுக்கும்போது ஸ்கோப் நுனியில் ஒளி ஊடுருவும் மூடி மாட்டுவோம், முள்முனை சதையைக் கிழிக்காமல் அதற்குள் வந்துவிடும்.

பயாப்ஸிக்குச் சதைத் துணுக்கு எடுத்தால் அடுத்த ஆளைக் கூப்பிடும் முன்பே டப்பியில் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமியை அந்தத் துணுக்கில் தேடும் சோதனையில் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி உண்டு. ஆனால் கடந்த இரண்டு வாரத்தில் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை சாப்பிட்டிருந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதையெல்லாம் கூட வந்தவரிடம்தான் சொல்வேன். மிடாசோலம் போட்டவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அப்புறம் ஒன்றும் ஞாபகம் இருக்காது. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. அன்றிரவு கடலுக்குப் போகக் கூடாது, படகில் தனியாகவும் விடக் கூடாது. மருந்தால் தொண்டை மரத்திருப்பது தெளிந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் மிடறு மிடறாக. வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவர வேண்டும். இவ்வளவையும் தமிழில் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, எங்கள் அறை போன் நம்பரையும் சேர்த்து அவர் கையில் கொடுத்து, ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.