பால்பல் சேமிப்புக்குக் காசு கட்டும் முன்

பிள்ளை பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தம் சேமித்த குடும்பங்கள், முன்பல் ஆடத் தொடங்கியதும் “பல்லையும் சேமிக்கலாமாமே?” என்று கேட்கின்றன. முதல் குழப்பமே இங்குதான். தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள். ரத்தப் புற்றுநோய்க்கும் பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கும் அவை நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. பல்லுக்குள் இருக்கும் மென்சதையான பல்கூழில் இருப்பவை மெசன்கைமல் என்னும் வேறு வகை. எலும்பாகவும் பல் திசுவாகவும் கொழுப்பாகவும் மாறுபவை. தலசீமியா வந்தால் இந்தப் பல் காப்பாற்றும் என்று யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர்களின் பல்கூழில் இந்த செல்கள் இருப்பதை 2000-இல் குரோந்தோஸ் குழுவினரும், பால்பல்லில் இருப்பதை 2003-இல் மியூரா, ஷி குழுவினரும் வெளியிட்டார்கள். அந்த 2003 ஆய்வில் ஒரு பால்பல்லிலிருந்து ஆய்வகத் தட்டில் ஒட்டிப் பெருகிய செல்கள் ஏறத்தாழ 12 முதல் 20 மட்டுமே. கைமுதல் இவ்வளவு சிறியது. அதனால்தான் பல்லை எடுத்த முதல் சில மணி நேரத்தில் செய்யும் தவறைப் பிறகு எந்த லேபும் சரிக்கட்ட முடிவதில்லை.

மேலும் கீழும் உள்ள முன்பற்கள், கோரைப்பற்கள்தான் ஏற்றவை. பல் ஆட வேண்டும், ஆனால் ஈறு இன்னும் பிடித்திருக்க வேண்டும். வேரில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருந்தால் நல்லது. தானாக விழட்டும் என்று விட்டால், தோல் நுனியில் தொங்கும் நாள்களிலேயே ரத்த ஓட்டம் அறுந்து கூழ் செத்துவிடும். எடுத்த பல்லைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சிவப்பாக, ஈரமாகச் சதை தெரிந்தால் அனுப்பலாம். சாம்பல் நிறமாகவோ காய்ந்தோ வெறும் குழியாகவோ இருந்தால் அனுப்பிப் பயனில்லை. ஆழமான சொத்தை, சீழ், முன்பு அடிபட்டுக் கறுத்த பல், கூழ் சிகிச்சை செய்த பல் எல்லாம் தள்ளுபடி. பள்ளிக்கு வரும் பல் தாதி பிடுங்கும் பல் பஞ்சில் சுற்றிக் குப்பைக்குப் போகும். அது அவர் குற்றமன்று. சேமிக்க நினைப்பவர்கள் பல்லை லேபுக்கு அனுப்பும் பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, கிளினிக்கில் நேரம் குறித்து எடுக்க வேண்டும்.

பெட்டியில் வரும் திரவம் கைவசம் இல்லையென்றால் குளிர்ந்த புதுப்பால் போதும். அதன் உப்புச் செறிவு உடல் திரவத்துக்கு நெருக்கமானது. குழாய்த் தண்ணீரில் செல் ஊதி வெடிக்கும். தே தாரே டீக்கு ஊற்றும் டின் பாலில் சர்க்கரை செல்லின் நீரை உறிஞ்சிவிடும். டிஷ்யூ உலர்த்தும், ஃபிரீஸரில் ஐஸ் படிகம் செல்லைக் கிழிக்கும். தேவை 4 டிகிரி: ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே ஒரு துணி இருக்கட்டும். நம் ஊர் மத்தியான வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போவது நல்லது, 48-ஐத் தாண்ட விடக்கூடாது.

லேபில் கூழை ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைக்கான ஆம்போடெரிசினும் கலந்த திரவத்தில் கழுவி, நறுக்கி, மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் கொலாஜினேஸ், 4 மில்லிகிராம் டிஸ்பேஸ் என்ற திசு கரைக்கும் நொதிகளைச் சேர்த்து 37 டிகிரியில் 1 மணி நேரம் கரைப்பது வழக்கமான முறை. பிறகு 70 மைக்ரான் சல்லடை, 5% கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டர். வாய்க் கிருமி தப்பிப் பிழைத்தால் தட்டு முழுதும் போய்விடும். வளர்ந்த செல்களை உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் 10% சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவைத்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்றுவார்கள். மைனஸ் 80 ஃபிரீஸரிலேயே வருடக்கணக்கில் வைப்பது நீண்டகாலச் சேமிப்பாகாது.

செல்களை வளர்க்காமல் கூழை அப்படியே உறையவைக்கும் முறையும் உண்டு. செலவு குறைவு, ஆனால் உயிரோடு எத்தனை செல் இருக்கிறது என்பது உருக்கும் நாளில்தான் தெரியும். ஆகவே சான்றிதழில் பல்லின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். செல் எண்ணிக்கை, உருக்கிய பின் உயிரோடிருக்கும் விழுக்காடு, கிருமிச் சோதனை, எத்தனை முறை பிரித்து வளர்த்தார்கள் என்று கேளுங்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களில் சி.டி. 73, 90, 105 மூன்றும் உள்ள செல்கள் 95 விழுக்காட்டுக்குக் குறையாமலும், சி.டி. 34, 45 உள்ளவை 2 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது 2006-இல் உலக அளவில் வகுத்த அளவுகோல். வளர்ப்பு ஊடகத்தில் மாட்டுக் கன்றின் சீரம் கலந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நம் வீடுகளில் சிலருக்கு அது நம்பிக்கை சார்ந்த விஷயம். அயல் புரதம் என்பதால் மருத்துவக் காரணமும் உண்டு. மனித பிளேட்லெட்டிலிருந்து எடுக்கும் மாற்றுப் பொருள் இருக்கிறது.

மனிதரிடம் பயன் எதுவரை வந்திருக்கிறது? ஜப்பானில் நகாஷிமா குழு 2017-இல் 5 பேருக்கு, அவரவர் பல்கூழ் செல்லையே வேர்க்கால்வாயில் வைத்த முடிவுகளை வெளியிட்டது. 2018-இல் சீனக் குழு ஒன்று, அடிபட்டுக் கூழ் செத்த நிரந்தரப் பல்லில் அதே பிள்ளையின் பால்பல் செல்லை வைத்து, ரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பியதைக் காட்டியது. சோதனையில் சேர்ந்தவர்கள் 40 பேர். நல்ல தொடக்கம்தான், ஆனால் நாளைக்கே கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சையன்று. முதுகுத்தண்டு, நீரிழிவு என்று துண்டறிக்கையில் வருவதில் பெரும்பகுதி எலிகளிடம் பார்த்தது. மலேசியாவில் இத்தகைய செல் பொருள்கள் அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-வின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. சிகிச்சை தருகிறோம் என்பவரிடம் அந்த அனுமதியைக் கேளுங்கள்.

பல்லைச் சேமிக்கும் வங்கியே இல்லாமல், செத்த பல்லில் ஸ்டெம் செல்லைக் கொண்டுவரும் ஒரு வழியைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை. வேர் நுனி மூடாத வயதில் பிள்ளை விழுந்து முன்பல் செத்தால், வேர்க்கால்வாயை 1.5% ஹைபோகுளோரைட் கிருமிநாசினி 20 மில்லிலிட்டரால் 5 நிமிடம் மெதுவாகக் கழுவி, மருந்து வைத்துச் சில வாரம் மூடுவார்கள். மறுமுறை 17% ஈ.டி.டி.ஏ. என்ற கழுவு திரவத்தால் கழுவி, வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டர் அப்பால் ஊசியால் தொட்டு ரத்தம் வரவைப்பார்கள். நுனியிலிருக்கும் ஸ்டெம் செல்கள் அந்த ரத்தத்தோடு மேலே வரும். அன்றைக்கு அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டால் நாளம் சுருங்கி ரத்தமே வராது. அட்ரினலின் கலக்காத 3% மெபிவகேன் மரப்பு ஊசியைப் போட வேண்டும். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் உள்ள பசை பல்லைக் கறுக்கவைக்கும், மேலே அடைக்கும் சாம்பல் நிற எம்.டி.ஏ. சிமெண்டும் அப்படித்தான். முன்பல் என்பதால் நிறம் மாறாத பொருளைக் கேட்டு வையுங்கள்.