ஆய்வில் சேர 28 நாள் போதவில்லை

ஐஜிஜி4 சார்ந்த நோய்க்கான மருந்து ஆய்வு ஒன்றில் பங்கேற்பாளராகச் சேர்ந்து, எனக்குரிய கடைசிப் பரிசோதனையையும் சென்ற மாதம் முடித்துவிட்டேன். ஐஜிஜி4 என்பது இரத்தத்தில் உள்ள ஒரு வகை நோய் எதிர்ப்புப் புரதம்; அதை உருவாக்கும் செல்கள் உறுப்புகளில் குவிந்து, அவை வீங்கி நாராக இறுகிப்போகும் அரிய நோய் இது. மருந்து ஏற்றிக்கொண்டதும், தவறாமல் போய் இரத்தம் கொடுத்ததும் எனக்குப் பாரமாகவே இருக்கவில்லை. ஆய்வுக்குள் நுழைவதற்கு முன் பட்ட பாடுதான் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. இந்த நோயோ, இதைப் போன்ற வேறொரு அரிய வாத நோயோ உள்ளவர்கள் நான் இழந்த நாட்களை இழக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு நோய் வயிற்றின் பின்பகுதியில், பெருந்தமனியைச் சுற்றி வந்தது. அங்கே நார்த்திசு தடித்து வளர்ந்து இடப்பக்கச் சிறுநீர்க்குழாயை நெரித்துவிட்டது. சிறுநீரகம் வீங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிய பிறகுதான், நான் மாதக்கணக்கில் முதுகுவலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது முதுகுவலியே அல்ல என்று தெரிந்தது. சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். புற்றுநோயோ என்ற ஐயத்தில் ஊசி மூலம் திசு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. ஆனால் ‘நார்த்திசு, ஆங்காங்கே அழற்சிச் செல்கள், முடிவாகக் கூற இயலவில்லை’ என்று அறிக்கை வந்தது. நோய் முற்றி நாராக இறுகிய இடத்தில் ஐஜிஜி4 செல்கள் குறைந்துபோவது உண்டு என்பதும், ஊசியில் வரும் சிறு துணுக்கு பல நேரங்களில் போதாது என்பதும் எனக்குப் பின்னால்தான் விளங்கின.

வாதநோய் மருத்துவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியில் எல்லாம் மாறியது. கழுத்திலோ முகத்திலோ எப்போதாவது வீக்கம் வந்ததா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாடைக்குக் கீழேயுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி கல்லைப் போல இறுகி வீங்கியிருந்தது. புற்றுநோய்க் கட்டி என்று அஞ்சி அதை அகற்றி, ‘நாட்பட்ட அழற்சி, கவலை வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன். மருத்துவர் மறுபடி மறுபடி கேட்டதால்தான் நினைவுக்கு வந்தது. கணைய அழற்சி நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஐஜிஜி4 மிகுந்திருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் கண்டறிந்ததையும், கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, வயிற்றின் பின்பகுதி என்று தனித்தனியாகத் தோன்றுபவை ஒரே நோயின் வெவ்வேறு வடிவங்கள் என்ற கருத்து 2003-இல் முன்வைக்கப்பட்டதையும் அவர் பொறுமையாக விளக்கினார். முதல் முறையாக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உடலில் எப்போது எதை வெட்டி எடுத்திருந்தாலும், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

அவர்தான் ஆய்வைப் பற்றியும் சொன்னார். பி செல்களை (நோய் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகக் காரணமான இரத்தச் செல்களை) அழிக்கும் மருந்து ஒரு பிரிவினருக்கு, மருந்துப்போலி மற்றொரு பிரிவினருக்கு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்குமே தொடக்கத்தில் ஸ்டீராய்டு உண்டு, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டு நாட்கள் படித்தேன். நோய் மீண்டும் தலைதூக்கினால் என்ன சிகிச்சை தருவார்கள், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தடைபடுமா என்ற மூன்றையும் எழுத்திலேயே கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்திட்டேன். அந்தக் கட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொன்னார்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து 28 நாட்களுக்குள் தகுதிப் பரிசோதனைகள் அனைத்தும் முடிந்து, எல்லா முடிவுகளும் வந்து சேர வேண்டும் என்பது அந்த ஆய்வின் விதி. 28 நாள் என்பது ஏராளம் என்று நினைத்தேன். அந்த நினைப்பால்தான் முதல் வாரத்தை வீணாக்கினேன்.

முதல் தடை ஸ்டீராய்டு. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையில், வாதநோய் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, நல்லெண்ணத்துடன்தான் எனக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் தொடங்கியிருந்தார்கள். ஆய்வில் சேர்வதற்கு முன் எத்தனை நாள் ஸ்டீராய்டு எடுத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த வெளியேற்றச் சுருக்கத்திலோ ‘ஸ்டீராய்டு தொடரவும்’ என்று மட்டுமே இருந்தது; தொடங்கிய தேதி எங்கும் இல்லை. தேதி குறித்த கடிதம் கேட்டு அந்த மருத்துவமனைக்குப் போனபோது, பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், சுருக்கம் கொடுத்தாகிவிட்டது, இனி எதுவும் தர முடியாது என்றார். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த இளம் மருத்துவரை வராந்தாவில் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் அங்கேயே நின்று, மருந்து அட்டவணையைப் பார்த்து, தேதியுடன் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். வரம்புக்குள் வர எனக்கு மீதமிருந்தது மூன்றே நாள். இந்நோய் இருக்கக்கூடும் என்று சொல்லப்பட்டு, உடனடி ஆபத்து எதுவும் இல்லையென்றால், ஸ்டீராய்டைத் தொடங்குவதற்கு முன்பே திசுப் பரிசோதனையையும் ஆய்வு வாய்ப்பையும் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சிறுநீரகமோ பித்தக்குழாயோ அடைபட்ட நிலையில் காத்திருக்கவே கூடாது. அப்போதும் தொடங்கிய தேதியையும் அளவையும் உங்கள் கைப்பட எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் என்னை உண்மையிலேயே அலைக்கழித்தது. நோயை உறுதிசெய்ய 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு அளவுகோலை ஆய்வில் பின்பற்றினார்கள். முதலில் விலக்க வேண்டிய நோய்களை விலக்கி, பிறகு இரத்தம், திசு, உறுப்புப் பாதிப்பு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 20-ஐத் தொட வேண்டும். வயிற்றிலிருந்து எடுத்த துணுக்கு எனக்கு உதவவில்லை. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு முன் அகற்றிய சுரப்பியின் திசுவை எடுத்து, அதில் ஐஜிஜி4 செல்களைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்க்க முடிவு செய்தார்கள். அகற்றிய திசுவை மெழுகில் பதித்து நோயியல் துறையில் பாதுகாப்பார்கள். அந்த மெழுகுத் துண்டைத்தான் ‘பிளாக்’ என்கிறார்கள். அது சுரப்பியை அகற்றிய பழைய மருத்துவமனையில் இருந்தது.

முதல் முறை வெறுங்கையோடு போனேன். பிளாக்கை நோயாளியின் கையில் நேரடியாகத் தருவதில்லை, கேட்கும் மருத்துவமனையின் கடிதம் வேண்டும் என்றார்கள். நியாயந்தான், முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். இரண்டாம் முறை கடிதத்தோடு போனேன். கணினியில் என் பெயரைத் தேடிப் பார்த்த எழுத்தர், அப்படி ஒரு பதிவே இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அறுவைச் சிகிச்சைத் தழும்பைத் தொட்டுக் காட்டினேன்; பயனில்லை. அன்று வீடு திரும்பும்போது இருந்த மனநிலையை விவரிக்க விரும்பவில்லை.

இரவு என் மகள்தான் பழைய அறிக்கையை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, மேல் மூலையில் ஓர் எண் இருக்கிறது பாருங்கள், அதைச் சொன்னீர்களா?” என்று கேட்டாள். சொல்லவில்லை. நோயியல் துறையில் திசுக்களை அடுக்கி வைப்பது அந்த எண்ணின் வரிசையில்தானாம், பெயரின் வரிசையில் அல்ல; என் பெயரில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. மூன்றாம் முறை அந்த எண்ணைச் சொன்னதும் பத்தே நிமிடத்தில் ஓர் உறையைத் தந்தார்கள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு போய் ஆய்வு மருத்துவமனையில் கொடுத்தேன். மறுநாளே அழைப்பு வந்தது. உறையில் இருந்தவை ஏற்கெனவே வழக்கமான சாயம் ஏற்றிய இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளாம். புதிய சாயம் ஏற்றிப் பார்க்க பிளாக் வேண்டும், அல்லது அதிலிருந்து புதிதாகச் சீவிய, சாயம் ஏற்றாத ஸ்லைடுகள் வேண்டும்.

கடிதத்தில் ‘திசு மாதிரி’ என்று பொதுவாக எழுதியிருந்ததுதான் இதற்குக் காரணம். உங்களுக்காக யார் கடிதம் எழுதினாலும், நோயியல் எண், அறுவைச் சிகிச்சை நடந்த தேதி, வேண்டியது பிளாக்கா சாயமேற்றாத ஸ்லைடா, எத்தனை என்ற விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் முத்திரையையும் பாருங்கள். என் அடுத்த கடிதத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது, நல்லவேளையாக வாசலைத் தாண்டுவதற்குள் கவனித்தேன்.

நான்காம் முறை எழுத்தரிடம் நான் நிற்கவே இல்லை. நோயியல் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வெளியே வந்து, கடிதத்தைப் படித்து, எனக்கு என்ன நோய் என்று கேட்டார். சொன்னேன். பழைய அறிக்கையை வாங்கிப் பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் காலத்தில் இந்தச் சாயத்தை எல்லாத் திசுவுக்கும் ஏற்றிப் பார்ப்பதில்லை என்று மென்மையாகச் சொல்லி, தாமே பிளாக்கை எடுத்து வரச் செய்தார். அதில் திசு போதுமான அளவு மீந்திருந்தது. அதுவரை பட்ட அவமதிப்பெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கரைந்துபோயிற்று.

ஆனால் அன்று 23-ஆம் நாள். இதற்கிடையில் காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை ‘முடிவு தெளிவில்லை’ என்று வந்திருந்தது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு. பி செல்களை அழிக்கும் மருந்தைக் கொடுப்பதற்கு முன் மறைந்திருக்கும் தொற்றுகள், குறிப்பாகக் கல்லீரல் அழற்சி பி வைரஸ், இல்லை என்று உறுதிசெய்தே தீர வேண்டும் என்பதால் இதில் எந்தச் சலுகையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். அந்த முடிவு 27-ஆம் நாள் நல்லபடியாக வந்தது. திசு முடிவு 30-ஆம் நாள் வந்தது.

இரண்டு நாள் தாமதம். விதிப்படி நான் ‘தகுதி பெறாதவர்’ ஆனேன்.

அந்தச் சொல்லைக் கேட்ட அன்று நான் உடைந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நோயும் இருக்கிறது, அதற்கான சான்றும் இப்போது கையில் இருக்கிறது, நாள்காட்டி மட்டும் இடிக்கிறது. ஒருங்கிணைப்பாளர்தான் தேற்றினார். மறுபரிசீலனைக்கு ஒரு முறை இடம் உண்டு, திசு முடிவை மறுபடி பெறத் தேவையில்லை, இரத்தப் பரிசோதனைகளை மட்டும் புதிதாகச் செய்தால் போதும் என்று விதியைக் காட்டினார். ஸ்டீராய்டு நாட்களின் கணக்கும் முதல் ஒப்புதல் நாளோடு நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். எல்லா ஆய்விலும் இப்படி இடம் இருக்காது. ஒப்புதலில் கையெழுத்திடும் நாளிலேயே, மறுபரிசீலனை உண்டா, உண்டென்றால் எவையெவற்றை மறுபடி செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, கையெழுத்திடுவதற்கு முன்பே பழைய பிளாக்கைத் தேடி எடுத்துவிடுவது. நாள் கணக்கு தொடங்குவது கையெழுத்திலிருந்துதான். அதற்கு முன் ஆவணம் சேர்ப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. இதை எனக்கு முன்னரே யாராவது சொல்லியிருந்தால் நான்கு வாரம் மிஞ்சியிருக்கும்.

திசு முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. உமிழ்நீர்ச் சுரப்பியில் நுண்ணோக்கியின் ஒரு பெரிதாக்கிய புலத்தில் ஐஜிஜி4 செல்கள் 100-க்கு மேலும், மொத்த ஐஜிஜி செல்களில் அவற்றின் விகிதம் 40 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது 2012-இல் வெளியான நோயியல் உடன்பாட்டின் அளவு. என் சுரப்பியில் இரண்டும் இருந்தன. நார்த்திசு சுழல் சுழலாகப் படர்ந்திருப்பதையும், அடைபட்ட சிறு சிரைகளையும் மருத்துவர் திரையில் காட்டினார். நான்கு ஆண்டுகளாக யாரும் பார்க்காத அலமாரியில் என் நோயின் பெயர் இருந்திருக்கிறது.

அதன்பின் எல்லாம் சீராக நடந்தது. பிரிவு ஒதுக்கினார்கள், மருந்து ஏற்றினார்கள், ஸ்டீராய்டு நின்றது, ஸ்டென்ட்டை எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது மருந்தா மருந்துப்போலியா என்று இன்றுவரை தெரியாது.

நான் சேர்ந்திருந்தது வேறோர் ஆய்வு. எனினும் பி செல்களை அழிக்கும் இனெபிலிசுமாப் என்ற மருந்தை இந்நோயில் சோதித்த ஆய்வின் முடிவு 2024 நவம்பரில் வெளியானபோது ஒரு முறைக்கு இரு முறை படித்தேன். பங்கேற்றவர்கள் 135 பேர். ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது மருந்து பெற்ற 68 பேரில் 7 பேருக்கு. மருந்துப்போலி பெற்ற 67 பேரில் 40 பேருக்கு. தீவிரமான பக்கவிளைவுகள் மருந்துப் பிரிவில் கூடுதலாக இருந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் இந்நோய்க்கு அம்மருந்து ஒப்புதல் பெற்றது. அந்த 135 பேரில் எத்தனை பேர் என்னைப் போல ஏதோ ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுச் சாளரத்தில் நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இவ்வளவு அரிய நோயில் ஒரே ஒருவர் தகுதி இழந்தாலும் அது ஆய்வுக்கும் இழப்புதான்.

பிளாக்கைத் திருப்பித் தர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவரோ வேறு ஆய்வோ அதே திசுவைக் கேட்கக்கூடும். அது உரிய அலமாரியில் இருந்தால்தான் கிடைக்கும். ஆய்வு மருத்துவமனையிலிருந்து அதை ஒப்புகைச் சீட்டுடன் வாங்கி, பஞ்சு வைத்த சிறு பெட்டியில், வெயில் படாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே எழுத்தர்தான் இருந்தார். எண்ணைச் சொன்னேன். பதிவேட்டில் அந்த வரியைத் தேடி, திரும்பப் பெற்ற தேதியை எழுதினார். என் பெயரில் மாறியிருந்த எழுத்தையும் திருத்தச் சொன்னேன். திருத்தி, பக்கத்தில் கையெழுத்திட்டார்.