மாதம் பிறந்தால் கிட்டார் கைமாறும்

எங்கள் செட்டில் தை மாதத்திலிருந்து ஒரு வழக்கம் நடக்கிறது. மாதம் பிறந்தால் கிட்டார் கைமாற வேண்டும். என்னுடையது இன்னொருவர் வீட்டுக்குப் போகும், வேறு யாருடையதாவது என் வீட்டுக்கு வரும். வாசிப்பதில் எங்களில் யாரும் பெரிய ஆள் கிடையாது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொள்கிறவன். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பெருந்துறையில் நர்ஸாக இருக்கும் அக்கா, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் தம்பி, கோபியிலிருந்து ஒரு வாத்தியார், இவ்வளவுதான் செட். ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, எல்லாருக்கும் நடுவில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட அங்கே சேர்வோம். பாதி நேரம் வாசிப்பு, மீதி நேரம் பழமை, அதாவது ஊர்க்கதை, பேசுவது.

கைமாற்றும் யோசனை அக்காவுடையது. போன வருஷம் பூராவும் எல்லாரும் ‘புதுசு ஒண்ணு வாங்கணும்’ என்றே பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், “வாங்கறதுக்கு முன்னாடி நம்மகிட்ட இருக்கறத எல்லாம் ஆளுக்கு ஒரு மாசம் வாசிச்சுப் பாத்தரலாமுங்க. எது வேணும்னு அப்பறம் தெரியும்” என்றார். சட்டம் இரண்டுதான். கம்பி போனால் வாங்கி வாசிப்பவர் செலவு. திருகு, அரம் எதைத் தொடுவதாக இருந்தாலும் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தை

எனக்கு முதலில் வந்தது அக்காவின் யமஹா சி40. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். என்னுடையது எஃப்310, இரும்புக் கம்பி. கடையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால்தான் தெரியும். என்னுடையதில் கழுத்தின் தலைமாட்டில் அகலம் 43 மில்லிமீட்டர், இதில் 52. கட்டை விரலைக் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து தடித்த ஆறாம் கம்பியை அமுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சி40-இல் அந்த வேலை நடக்காது. விரல் எட்டவில்லை. கட்டை விரல் பின்பக்கம் நடுவிலேயே நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றதும் மற்ற நாலு விரல்களுக்கும் எட்டும் தூரம் கூடிவிட்டது. மாத முடிவில் எஃப் கார்டு, பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் ஒரு பிடி, முன்பைவிடச் சுத்தமாக விழுந்ததற்கு அதுதான் காரணம்.

பிக் வைத்து அடித்தால் நைலான் மொத்தையாகச் சத்தம் தரும். அதனால் வலது கையில் நகத்தை வளர்த்து, கட்டை விரலுக்குக் கீழ் மூன்று கம்பி, மற்ற மூன்று விரல்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பி என்று பிரித்துக்கொண்டேன். இளையராஜா லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வு எழுதியது இந்த வகைக் கிட்டாரில்தான் என்று அக்கா அடிக்கடி நினைவுபடுத்துவார். கம்பெனியில் நகம் வளர்த்துக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தால் நூல் மாட்டும், அது தனிப் பாடு.

நைலானுக்கு முன்னால் ஆட்டுக்குடல் நரம்புதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் செய்து பார்த்தார். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் மேதை செகோவியா அதை வாசித்து ஏற்றுக்கொண்டபின் ஊரெல்லாம் அதுவே ஆனது. ஒன்று மட்டும் கவனம். நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டக் கூடாது. நைலான் செட் மொத்தமாக இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ. இரும்பில் சாதாரணமாகப் போடும் 12 என்ற தடிமன் செட் 70 கிலோவைத் தொடும். உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்து வந்துவிடும்.

மாசி

வாத்தியாரின் கிட்டார் கல்லூரி நாளில் வாங்கியது, கொல்கத்தாவில் செய்தது. குரல் நல்ல குரல். ஆனால் விரல் வைத்தால் பத்து நிமிஷத்தில் கையை எடுத்துவிடத் தோன்றும். கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. வாத்தியார் இத்தனை வருஷமும் ‘நமக்குக் கை வராது’ என்றே நினைத்திருந்தார். அதைப் பார்த்த லேத் அண்ணன், “ஏனுங்க வாத்தியாரே, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவால எலி பூந்து போகும்போல இருக்குது. இதுல எப்பிடிக் கை வரும்?” என்று கேட்டார். மறு ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் பட்டறையில்.

அண்ணனுக்குக் கிட்டார் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. கம்பி உறையில் 12, 16, 24 என்று போட்டிருந்ததைப் பார்த்ததும், “இது தௌவுதானே” என்றார். உண்மைதான். 12 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, பட்டறைப் பேச்சில் பன்னிரண்டு தௌ. நாங்கள் இவ்வளவு நாளும் ‘பன்னிரண்டாம் நம்பர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதல் வேலை கழுத்து. அதன் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்குத்தான் ஃப்ரெட் என்று பெயர். முதல் ஃப்ரெட்டிலும் பதினாலாவதிலும் கம்பியை அமுக்கிப் பிடித்தால் கம்பியே அளவுகோல் ஆகிவிடும். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். அண்ணன் பில்லர் கேஜ் எனும் இடைவெளி அளக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். 0.6 மில்லிமீட்டர் வந்தது. பத்து தௌ, அதாவது 0.25 இருந்தால் போதும். கம்பியைத் தளர்த்தி, கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகை ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுதி சேர்த்து அளந்தார். கொஞ்ச நேரம் விட்டு இன்னும் ஒரு சிட்டிகை. அவசரப்பட்டுத் திருகினால் கழுத்து போச்சு.

அடுத்து பாலத்தில் கம்பி ஏறி நிற்கும் வெள்ளைப் பட்டை, சேடில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 3.3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. 2.5 போதும் என்று முடிவு செய்தோம். குறைக்க வேண்டியது 0.8. ஆனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் சேடிலில் அதைப்போல இரண்டு மடங்கு, 1.6, தேய்க்க வேண்டும். வாத்தியார்தான் இதைக் கரும்பலகைக் கணக்குப்போலச் சொன்னார். அண்ணன் பட்டையின் அடியில் பென்சில் கோடு போட்டு, சமதளக் கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, பட்டையை நேராகப் பிடித்து எட்டுப் போடுவதுபோல் தேய்த்தார். நாலு இழுப்புக்கு ஒருமுறை வெர்னியரால் அளவு. மேல் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது என்பதில் கறாராக இருந்தார், அந்த வளைவு கெட்டால் அப்புறம் ஒவ்வொரு கம்பியும் ஒரு உயரத்தில் நிற்கும்.

கடைசியில் நட், கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை. மூன்றாவது ஃப்ரெட்டை அமுக்கினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் போகும் இடம் இருந்தால் சரி. இதிலோ விசிட்டிங் கார்டே போனது. நட் அரம் என்று தனியாக விற்பதெல்லாம் நம் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. அண்ணன் கேஸ் வெல்டிங் டிப்பில் அடைப்பு எடுக்கும் கம்பி அரச் செட்டை எடுத்தார். தடிமன் வாரியாக இருக்கும் அது. கம்பித் தடிமனுக்கு ஒரு மயிரிழை பெரிதாகப் பார்த்து எடுத்து, தலைப்பக்கம் சாய்த்து மெல்ல இழுத்தால் கம்பி உட்காரும் பள்ளம் அழகாக இறங்குகிறது.

எல்லாம் முடிந்து வாத்தியார் சி கார்டு பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஜி, அப்புறம் எஃப். எஃப் விழுந்ததும் அண்ணனைப் பார்த்து, “இத்தன வருசமாச் சும்மா கெடந்திருச்சுங்களே” என்றார். என் கருத்து இதுதான்: கை வரவில்லை என்று கிட்டாரைப் பரண்மேல் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது வகுப்பு இல்லை, ஒரு பில்லர் கேஜ்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அண்ணன் விடவில்லை. ஃப்ரெட் கம்பிகள் ஏன் போகப் போக நெருங்குகின்றன என்று கேட்டார். என்னுடைய எஃப்310-இன் கம்பி நீளம் 634 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 35.58, அதுதான் முதல் ஃப்ரெட்டின் தூரம். மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மிகச் சரியாக 317-இல், பாதியில் விழும். பதினாறாம் நூற்றாண்டில் கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி, லூட் வாத்தியக்காரர், 18-ஆல் வகுக்கச் சொல்லியிருந்தார். அண்ணன் அதையும் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவது 2.3 மில்லிமீட்டர் முன்னாலேயே விழுந்தது. “நம்ம கஸ்டமர் இதுக்கு ஜாப்பத் திருப்பி அனுப்பிருவான்” என்றார்.

பங்குனி, சித்திரை

பங்குனியில் அண்ணனின் எலக்ட்ரிக். கம்பி மெல்லிசு, இழுத்தால் வளைந்து கொடுக்கிறது, கமகம் ஓரளவுக்கு வருகிறது. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கர்நாடக சங்கீதத்துக்கு இதை ஏன் எடுத்தார்கள் என்பது புரிந்தது. மற்றபடி வயர், ஆம்ப், கரண்ட் என்று சோலி அதிகம். எனக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் வாய்ப்பாட்டுப் படித்தவரான வாத்தியார் அந்த மாதம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னார். விரலே வைக்காமல் ஆறு கம்பிகளையும் மீட்டினால் விழுவது இ, ஏ, டி, ஜி, பி ஆகிய ஐந்து சுரம்தான். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அது மோகனம். இ-யை வைத்தால் சுத்த தன்யாசி. ஏ என்றால் மத்யமாவதி, டி என்றால் சுத்த சாவேரி, பி என்றால் இந்தோளம். ஸட்ஜத்தை இப்படி இடம் மாற்றும் கிரகபேதத்தில் ஐந்து ராகமும் சும்மா இருக்கும் கம்பியிலேயே கிடக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து மண்டித் தம்பி வெறும் கம்பியைத் தட்டிவிட்டு ‘இப்ப நான் வாசிச்சது என்ன ராகம்’ என்று எல்லாரையும் படுத்திக்கொண்டிருக்கிறான்.

சித்திரையில் அவனுடைய பன்னிரண்டு கம்பிக் கிட்டார் வந்தது. ஆறு ஜோடி. மேல் ஸ்தாயி ஜோடிகள் இரண்டும் ஒரே சுதி, மற்ற நாலு ஜோடியிலும் ஒரு கம்பி மற்றதற்கு ஒரு ஸ்தாயி தள்ளி. இழுவிசை நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்து, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, எல்லாக் கம்பியையும் ஒருசேர அமுக்கும் கிளிப், போட்டுக்கொண்டேன். சுதி சேர்த்து முடிப்பதற்குள் வாசிக்கும் ஆசையே போய்விடும். ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டிய மாதம் அது. மரம் காய்ந்து சுருங்கியதில் ஃப்ரெட் முனைகள் கழுத்து ஓரத்தில் கையைக் கீறின. உறைக்குள் ஈரத் துணி வைத்த சோப்பு டப்பா ஒன்றைப் போட்டு வைத்தோம், மூடியில் ஓட்டை போட்டு. கொஞ்சம் அடங்கியது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் கிட்டாரை விடாதீர்கள். பசை இளகும்.

வைகாசி

என் எஃப்310 சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தது. தம்பி 12 செட்டைக் கழற்றிவிட்டு 11 செட் போட்டிருந்தான். ஒரே ஒரு தௌ வித்தியாசம், விரலுக்கு நன்றாகவே தெரிகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த மாதம் கொடுமுடியிலிருந்து அம்மாயி, அம்மாவின் அம்மா, வந்து சாளையில் தங்கியிருந்தார். எங்கள் பக்கம் கும்மி மறுபடி ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காக கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அம்மாயி அந்தக் காலத்திலேயே கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவர். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பாட்டை எடுத்துவிட்டதும் நாங்கள் கார்டு தேட ஆரம்பித்தோம். ஜி போட்டால் இடறியது, இ மைனர் போட்டால் பாட்டு ஒப்பாரி ஆனது. அம்மாயிக்குப் பொறுமை இல்லை. “ஏங் கண்ணு, அதைய நோண்டிக்கிட்டே இருக்கறே? ஒரே மாதிரியாத் தட்டு, போதும்.”

அதுதான் விடை. ஆறாம் கம்பியையும் முதல் கம்பியையும் டி-க்கும், இரண்டாம் கம்பியை ஏ-வுக்கும் இறக்கினேன். டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960-களில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார்க்காரர் மொராக்கோ போய்வந்தபின் பிரபலப்படுத்திய சுதி அது. மூன்றாம் கம்பியை மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டில் அமுக்கினால் ஆறு கம்பியும் ஸட்ஜமும் பஞ்சமமும்தான். மேஜர், மைனரைப் பிரிக்கும் காந்தாரமே கிடையாது. மேஜரா மைனரா என்று கிட்டார் எதுவும் சொல்லாது, பாடுகிறவர் இஷ்டம். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டதும் அம்மாயியின் குரலுக்குச் சுதி சேர்ந்துவிட்டது. மூன்று மூன்றாக எண்ணும் நடை அது. முதல் எண்ணிக்கைக்கு அடிக் கம்பி, மற்ற இரண்டுக்கும் மேல் கம்பிகளை லேசாக. அக்கா கை தட்டினார், வாத்தியார் பின்பாட்டு. அம்மாயி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார், எனக்கு மணிக்கட்டு கழன்றுவிடும்போல் ஆனது.

கும்மியை எழுதி வைக்க வேண்டும் என்று தம்பி போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறான்.

ஆனி

காற்று மாறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக் காற்றில் மரம் ஊதி, வாத்தியாரின் கிட்டாரில் கம்பி மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. திருகை எட்டில் ஒரு பங்கு திருப்பினால் போதும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். புதுக் கிட்டார் இதுவரை யாரும் வாங்கவில்லை.

இரண்டாம் சுற்று தொடங்குகிறது. அக்காவின் சி40 இந்தத் தடவை அண்ணன் வீட்டுக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம், அரம் எடுக்கக் கூடாது என்று உறைக்குள் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார்.