ஒன்பது வயதில் பிரெஞ்சுப் பள்ளி: ரீயூனியனில் எங்கள் மகள்

புதுச்சேரிக்காரர்கள் என்றால் பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்று ஊருக்கே ஒரு நினைப்பு. என் கணவர் வீடு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பம், அதனால் அவருக்கும் மகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, அவ்வளவுதான். மகள் நாலாவது வரை படித்தது இங்கிலீஷ் மீடியம், வீட்டில் பேச்சு தமிழ். அப்படியே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு, சேன் தாந்த்ரே என்ற ஊருக்கு வந்து இறங்கினாள்.

பள்ளியில் சேர்க்க நேரே பள்ளிக்குப் போகக்கூடாது, முதலில் மேரிக்கு (நம்மூர் நகராட்சி அலுவலகம்) போகவேண்டும். முகவரிக்கு கரண்ட் பில், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை கேட்பார்கள். டிப்தீரியா, டெட்டனஸ், போலியோ மூன்றும் கட்டாயம். 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பட்டியல் இன்னும் நீளம். எங்களுக்குப் பிறப்புப் பதிவு தூதரகத்திலேயே பிரெஞ்சில் இருந்ததால் அலைச்சல் குறைவு. இங்கே பள்ளி திறப்பது ஆகஸ்ட் நடுவில், அதற்கு முன்பே வந்துவிட்டால் நல்லது.

யூ.பே.2.ஆ என்று ஒரு வகுப்பு இருக்கிறது, பிரெஞ்சு தெரியாமல் புதிதாக வரும் பிள்ளைகளுக்கானது. அதை வாய்விட்டுக் கேளுங்கள், எல்லாப் பள்ளியிலும் கிடையாது. ஆரம்பப் பள்ளியில் வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் அங்கே பிரெஞ்சு, மீதி நேரம் தன் வயதுப் பிள்ளைகளோடு சொந்த வகுப்பில். எங்கள் மகளுக்கு அது சே.எம்.1, நம்மூர் நாலாம் வகுப்பு மாதிரி.

கணக்கில் தப்பித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தோம். வகுத்தலில் வகுக்கும் எண்ணை நாம் இடப்பக்கம் எழுதுவோம், இங்கே அது வலப்பக்கம், ஈவு அதற்கும் கீழே. மூன்றரையை 3,5 என்று கமா போட்டு எழுதுகிறார்கள், அவள் அதை இரண்டு எண்களாகப் படித்துவிட்டு முழித்தாள். 7-க்கு நடுவில் ஒரு கோடு. எழுத்தோ முழுக்கக் கூட்டெழுத்து, நோட்டில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு, எந்த எழுத்து எந்தக் கோடு வரை ஏறவேண்டும் என்று கணக்கு. மொழியை விட இந்த நோட்டுதான் அவளை முதலில் அழவைத்தது.

பள்ளியில் பல மாதம் வாயே திறக்கவில்லை. வகுப்பு டீச்சர் வீட்டிலும் பிரெஞ்சே பேசுங்கள் என்றார்; யூ.பே.2.ஆ டீச்சர் அதெல்லாம் வேண்டாம், நீங்கள் நன்றாகப் பேசும் மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்றார். இரண்டாமவர் பேச்சைக் கேட்டோம். என் அரைகுறை பிரெஞ்சைக் கேட்டு அவள் என்ன கற்றுக்கொண்டிருக்கப் போகிறாள்? "இன்னைக்கு என்ன பேசினே?" என்று தினமும் குடைவதையும் நிறுத்தினோம், அப்புறம்தான் தானாகவே பள்ளிக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது பிரெஞ்சு கூட இல்லை, கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் பேச்சுமொழி. இடைவேளையில் மைதானத்தில் பிள்ளைகள் பேசுவது அதுதான், அங்கே யாரும் தப்பைத் திருத்துவதில்லை. வகுப்பில் பல பேருக்கு வீட்டுப்பெயர் பச்சைத் தமிழ், 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை வராது. இவளுக்கு முதல் நாள் அது பெரிய ஏமாற்றம். பிறகு அதே பிள்ளைகள் கோயிலில் பார்த்துக் கையசைத்தார்கள், ஒருத்தி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், சோறும் பருப்பும் முருங்கைக் கீரையும் இருந்ததாம், வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தாள்.

வகுப்பில் வாய் திறந்தது ஒரு கவிதை ஒப்பிப்பில். இங்கே கவிதை மனப்பாடம் செய்து எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும், மனப்பாடம் நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. ரஃப் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, மூக்கொலி வரும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போட்டு, குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டிய பயம் இல்லை பாருங்கள், கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு டீச்சர் கேள்வி கேட்டால் ஒன்றிரண்டு சொல்லாவது பதில் வந்தது.

இப்போது பேச்சில் குறை இல்லை. டிக்டே (டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுவது) மட்டும் சிவப்பு மையாகத் திரும்பி வருகிறது, கடைசியில் உச்சரிக்காத எழுத்துகள் அத்தனை. அதில் இந்த ஊர்ப் பிள்ளைகளே தடுமாறுகிறார்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார், நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.