பச்சை நிற லாபத்தை எக்செல்லில் இறக்கியபோது

நிலாவெளியில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். டோக்கியோ சீமெந்துப் பங்கில் 20 நாள், 50 நாள் சராசரி விலைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது வாங்கி விற்கும் உத்தி. ட்ரேடிங்வியூ என்ற பங்கு வரைபட மென்பொருளில் பேக்டெஸ்ட் ஓட்டியிருக்கிறான், அதாவது அந்த உத்தியைப் பழைய விலைகளில் சோதித்திருக்கிறான். நிகர லாபம் பச்சையில் மின்னியது. "அண்ணா, உண்மைக் காசு போட்டுத் தொடங்கட்டோ?"

ஆலை திருகோணமலையிலேயே இருப்பதால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பங்கில் ஒரு தனிப் பற்று. அது கிடக்கட்டும். "அந்தப் பச்சை எண்ணை விடு, ட்ரேட் பட்டியலை இறக்கி அனுப்படா" என்றேன்.

கோப்பு வந்ததும் முதலில் தேதி நிரலைப் பார்ப்பேன். கலத்தில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாகத்தான் எடுத்திருக்கிறது; வருடவாரியாகப் பிரிக்க வராது. அப்புறம், ஒவ்வொரு ட்ரேடுக்கும் நுழைவுக்கு (வாங்கியதற்கு) ஒன்று, வெளியேற்றத்துக்கு (விற்றதற்கு) ஒன்று என இரண்டு வரிசைகள் இருக்கும். வெளியேறிய வரிசைகளை மட்டும் வடிகட்டிவிட்டுத்தான் லாபத்தைக் கூட்ட வேண்டும்.

அவன் கமிஷன் எதுவும் போட்டிருக்கவில்லை. போடாவிட்டால் மென்பொருள் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளும். கொழும்புச் சந்தையில் 100 மில்லியன் ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குச் செலவு 1.12 சதவீதம். தரகருக்கு 0.64, அரசாங்க வரி 0.30, மிச்சம் சந்தைக்கும் அதைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும். வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. ஒரு இலட்சத்துக்கு வாங்கி 1,02,000க்கு விற்றால் லாபம் 2,000 என்று பட்டியல் சொல்லும். ஆனால் இரண்டு பக்கச் செலவும் சேர்ந்து 2,262 ரூபாய் 40 சதம். இதை ஒரு புதிய நிரலாகச் சேர்த்ததும் சின்னச் சின்ன லாபங்கள் வரிசையாகச் சிவந்தன.

மிஞ்சியதை லாபத்தின்படி அடுக்கினேன். மேலே இருந்த இரண்டு ட்ரேடுகளை நீக்கினால் மற்றதெல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

2020 மார்ச் 20இல் மூடிய சந்தை மே 11இல்தான் திறந்தது. திறந்த அன்றே, 20 பெரிய பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டி 10 சதவீதம் விழ, வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள். 2022 ஏப்ரலிலும் ஒரு வாரம் பூட்டு. அந்தத் தேதிகளைத் தாண்டிப் பங்கை வைத்திருந்த ட்ரேடுகளை மஞ்சளாக்கினேன். ஸ்டாப்லாஸ் (விலை குறித்த அளவுக்கு விழுந்தால் விற்கச் சொல்லும் கட்டளை) போட்டிருந்தாலும் பூட்டிய சந்தையில் யாரிடம் விற்பது?

இன்னொன்று, பேக்டெஸ்ட் அடுத்த நாள் திறக்கும் விலையில் வாங்கியதாகக் கணக்குப் பண்ணும். சந்தை திறப்பது 9.30க்கு. சீசனில் அந்த நேரம் இவன் வெள்ளைக்காரருக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆகவே வாங்கிய விலைகளில் அரை சதவீதம் கூட்டிவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.

இரவு பதில் வந்தது: "அப்ப அதே கம்பனியின்ர வாக்குரிமை இல்லாத பங்கில ஓட்டிப் பாக்கட்டோ?"

சரி, ஓட்டு. கமிஷனைப் போட்டுவிட்டு ஓட்டு என்றேன்.